வராத வண்டுக்கு

குவெட்லின்பூர்க். ஜூன் மூன்றாம் தேதி.
கண்ணாடிக் கூடத்தில்
நூற்று எண்பத்து நான்கு பட்டாணிச் செடிகள்.
வலை இரண்டு அடுக்கு, கதவு இரண்டு.
வண்டு ஒன்றும் உள்ளே வந்திருக்க வழியில்லை.
ஆனாலும் காய்களில்
கொப்புளம் கொப்புளமாய்த் தடிப்பு.

ஓர் ஆண்டு வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.
வீப்கே கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள்:
இது வெயிலில் ஒரு பங்கை வெளியே நிறுத்திவிடுகிறது,
புற ஊதா படாத காய்
யாரோ முட்டையிட்டுவிட்டதாய் நம்பிக்கொள்ளும்.

வயலில் நடப்பது வேறு.
பட்டாணி மகரந்தம் தின்று சினைப்பிடித்த வண்டு
பிஞ்சுக் காயின்மேல்
மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போகும்.
புழு, முட்டையின் அடியைத் துளைத்து
நேராகக் காய்க்குள் இறங்கும்.
ஒரு மணி, ஒரு புழு, ஒரு ஓட்டை.
நாங்கள் கலந்த காட்டு ரகத்தில் மட்டும்
முட்டைக்கு அடியில் தோல் பொங்குகிறது.
விஷமில்லை, முள்ளில்லை.
வேண்டாத விருந்தாளியை
நாற்காலியோடு தூக்கி
வாசலுக்கு வெளியே வைப்பதுபோல.

போன ஜனவரியில் எனக்கும் இப்படித்தான்.
பேருந்து நிறுத்தத்தில் நின்ற பத்து நிமிடத்தில்
மணிக்கட்டெல்லாம் தடித்துவிட்டது.
எது கடித்தது என்றார் மருத்துவர்.
குளிர் என்றேன்.
அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வீப்கே எண்ணத் தொடங்கினாள்.
நான் எதிர் வரிசையிலிருந்து.
தடித்தவை நூற்று முப்பத்தேழு,
வழுவழுப்பானவை நாற்பத்தேழு.
முக்கால், கால்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.
வராத வண்டுக்குப் பயந்த செடிகள்,
வந்தால் எழும்பக்கூடியவை எவையெவை என்று
தாமாகவே பெயர் கொடுத்துவிட்டிருந்தன.

பிறகு இலைகளில் துளை போட்டோம்,
சட்டைப் பித்தான் அளவு.
விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று
எங்கள் மூன்றாண்டு நிதி விண்ணப்பத்தை
யாரோ எப்போதோ
நான்கே சொல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.
எந்தக் குரோமோசோமில் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள்.

கணினித் திரையில் ஆறு குரோமோசோம்கள்
மாக்டெபுர்க் சமவெளி மாதிரி தட்டை.
மீதி ஒன்றில் மட்டும்
புரோக்கன் மலை எழுந்து நின்றது.
தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் டெட்ஸ்லாஃப்
ரொட்டியை மென்றபடி எட்டிப் பார்த்தார்.
மலை தெரிகிறது,
வீட்டு எண் எங்கே என்றார்.

மலைக்குள் ஐந்நூறு மரபணுக்கள்.
சீட்டுக்கட்டைக் கலைக்கும்போது
பக்கத்துப் பக்கத்து இரண்டு ராஜாக்களுக்கு நடுவே
வெட்டு விழவேண்டும்.
நெருங்கி வந்தது ஒரு செடிதான், அறுபத்தொன்று.
வெட்டுக்கு இடப்பக்கம் தோட்ட ரகம்,
வலப்பக்கம் காடு,
காயிலோ தடிப்பு.
அப்படியென்றால் வலப்பக்கம்.
ஐந்நூறு, முப்பத்தொன்று ஆனது.
அதற்குமேல் அந்த ஆண்டு நகரவில்லை.

அறுபத்தொன்றின் விதைகளை
அடுத்த பருவத்தில் வெளியே விதைத்தோம்,
கண்ணாடி இல்லாமல்,
போடே ஆற்றுக்கு இந்தப் பக்கம்.
முழு வெயிலில் காய்கள் வழுவழுவென்று இருந்தன.
வண்டுகள் வந்தன.

ஒன்பதாம் நாள் லென்ஸில் பார்த்தேன்.
பச்சைக் குன்று ஒன்றின் உச்சியில் முட்டை,
அதைப் பிளந்து வெளியே வந்த புழு,
அரிசியின் முனையளவு.
கோட்டை மேட்டிலிருந்து காற்று வீசியது.
அது தலையை இரண்டு முறை ஆட்டியது,
துளைக்க எதையோ தேடி.
கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது இல்லை.

நான்காம் பத்தியில்
சுழியம் எழுதினேன்.